வரைபடத்துக்குப் பின்: தி உட்லண்ட்ஸ் நகரியமும் சூழலியல் திட்டமிடலின் ஆயுளும்

பெரும் புறநகர்க் குடியிருப்புகளில் சூழலியல் திட்டமிடல் தோற்கும்போது அறிவியல் போதாமையையே காரணமாகச் சொல்கிறோம். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டனுக்கு வடக்கே 1974இல் திறக்கப்பட்ட தி உட்லண்ட்ஸ் நகரியத்தின் வரலாறு இதை மறுக்கிறது. அங்கே அறிவியல் முதல் நாளிலிருந்தே இருந்தது. அதைத் தலைமுறை தாண்டிக் காக்கும் சட்டக் கடப்பாடு இல்லாததே குறை என்பது இக்கட்டுரையின் வாதம்.

எண்ணெய்த் தொழிலதிபர் ஜார்ஜ் மிட்செல், 'டிசைன் வித் நேச்சர்' (1969) நூலாசிரியர் இயன் மெக்ஹார்க்கின் நிறுவனத்திடம் சூழலியல் ஆய்வை ஒப்படைத்தார். இடமோ தட்டையான பைன் காடு. பல பகுதிகளில் நீர் எளிதில் வடியாது. வழக்கம்போல் குழாய் பதித்து வடித்தால் நிலத்தடி நீர்மட்டம் தாழ்ந்து மரங்கள் பட்டுப்போகும். கீழுள்ள ஊர்களில் வெள்ளம் பெருகும். எனவே மெக்ஹார்க் குழு மண்ணை நீர் உறிஞ்சும் திறன்படி வகைப்படுத்தியது. நன்கு உறிஞ்சும் மண்ணைத் திறந்தவெளியாக விட்டு, உறிஞ்சாத மண்ணில் கட்டடம் எழுப்பச் சொன்னது. இயற்கை ஓடைகளிலும் புல் வாய்க்கால்களிலும் மழைநீர் மெல்ல நகர்ந்து நிலத்தில் இறங்கும்படி அமைத்தது. இம்முறையால் ஏறத்தாழ 1.4 கோடி டாலர் மிச்சமாகும் என்ற கணக்கும் மிட்செலை இணங்கவைத்தது.

1979இன் பெருமழையை முதற்கட்டக் குடியிருப்புகள் நன்றாகவே தாங்கின. ஆனால் அடுத்தடுத்த பகுதிகளில் புல் வாய்க்கால் கைவிடப்பட்டது. ஓரக்கல் பதித்த சாலையும் புதைகுழாயும் வந்தன. திறந்த வாய்க்கால் பார்வைக்கு ஒழுங்கற்றது என்று வீடு வாங்குவோர் கருதியது ஒரு காரணம். 1997இல் மிட்செல் நகரியத்தை விற்றபின் தொடக்ககால நெறிகள் மேலும் தளர்ந்தன. போ யாங், மிங்-ஹான் லீ ஆகியோரின் நீரியல் ஆய்வுகள், முற்பகுதிகளைவிடப் பிற்பகுதிகளில் மழைநீர் வழிந்தோட்டம் கூடியதைக் காட்டுகின்றன. 2017இல் ஹார்வி புயல்மழை நகரியத்தின் பல வீடுகளுக்குள் புகுந்தது. அத்தகைய மழையை எந்த வடிகாலும் முழுதாகத் தடுத்திருக்காது. ஆயினும் சாதாரண மழையிலேயே கூடிவிட்ட வழிந்தோட்டத்துக்குப் புயலைக் காரணம் காட்ட முடியாது.

மக்களின் விருப்பத்தை மதிப்பதே ஜனநாயகம் என்று இங்கே வாதிடலாம். ஆனால் ஒரு தெருவில் வாழ்வோர் வாய்க்காலை மூடுவதன் விளைவை நீரோட்டத்தின் கீழே வாழ்வோர் சுமக்கிறார்கள்; அவர்களிடம் யாரும் விருப்பம் கேட்பதில்லை. ஆகவே நீர்வழியை வாங்குவோரின் ரசனைக்கு விட முடியாது. ஆனால் டெக்சஸில் கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகங்களுக்கு நிலப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மிகக் குறைவு. நகராட்சியாக அமையாத தி உட்லண்ட்ஸில் இந்த வெற்றிடத்தை நிரப்பியது நிறுவனரின் மனஉறுதி. அவர் விலகியதும் காப்பும் விலகியது.

மண் வகைப்பாடும் நீர்வழி எல்லையும் நிலப்பத்திரத்திலேயே ஏற வேண்டும். நிலம் எத்தனை கை மாறினாலும் அவை வாங்குவோரைக் கட்டுப்படுத்த வேண்டும். கடைசி மனை விற்ற பிறகும் வழிந்தோட்டத்தை அளந்து வெளியிடும் பொதுப் பொறுப்பு ஓர் அமைப்புக்கு இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத திட்டத்துக்குச் சூழலியல் திட்டம் என்ற பெயரில் அனுமதி வழங்கக் கூடாது.