பீங்கான் உடுத்திய பிராசசர்

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு விருத்தகிரீஸ்வரர் கோயிலும் ரயில்வே ஜங்ஷனும் ஞாபகத்துக்கு வரும். உள்ளூர்க்காரர்களான எங்களுக்குப் பீங்கான். தொழிற்பேட்டைச் சூளைகளில் பியூஸ் கேரியரும் பொம்மையும் வெந்து இறங்கிய ஊர் இது. இங்கே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நான், ஒரு காலத்துக் கம்ப்யூட்டர்களின் பிராசசரும் பீங்கான்தான் என்று சொன்னால் சூளையில் வேலை பார்த்தவர்களே நம்ப மாட்டார்கள். மேஜை டிராயரில் இருக்கும் பழைய 486-ஐ எடுத்துக் கையில் கொடுப்பேன். விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆமாம்பா, பீங்கானேதான்" என்பார்கள்.

இன்டெல் 1985இல் கொண்டுவந்த 386-க்கு 132 கால்கள். 1989இல் வந்த 486-க்கு 168. இரண்டையும் அலுமினாப் பீங்கானில் பொதிந்தார்கள். பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது, ஈரத்தை உள்ளே விடாது, சூடேறினால் சிலிக்கானைப் போலவே கொஞ்சமாகத்தான் விரியும். வேகாத பீங்கான் தாள்களில் டங்ஸ்டனால் கோடு அச்சடித்து, அடுக்கி, 1,500 டிகிரிக்கும் மேலான சூட்டில் சுட்டு எடுப்பார்கள். 1959இல் கியோட்டோ நகரில் இனாமோரி கசுவோ தொடங்கிய சின்னப் பீங்கான் கம்பெனி இந்த வேலையில்தான் பெரிதாக வளர்ந்தது. அதுதான் இன்றைய கியோசெரா.

அந்தக் காலத்தில் பிராசசர் மாற்றுவதற்கு விரல் பலம் வேண்டும். எனக்குத் தொழில் பழக்கிய அண்ணன் 386-ஐக் கழற்றிய கதையைச் சொல்லுவார்: தட்டை ஸ்க்ரூடிரைவரை நான்கு பக்கமும் மாற்றி மாற்றி நுழைத்து, மயிரிழை மயிரிழையாக நெம்ப வேண்டும். அவசரப்பட்டால் கால் வளையும். பக்கத்தில் லீவர் வைத்த சாக்கெட் வந்த பிறகு அந்தப் பயம் போனது. லீவரைத் தூக்கினால் பிராசசர் தானாக விடுபடும்.

பிராசசரைத் தனியாக மாற்றலாம் என்று பொதுஜனம் தெரிந்துகொண்டது 1994 டிசம்பரில். 486-க்கு அடுத்து வந்த பென்டியம் சில வகுத்தல் கணக்குகளில் தப்பு விடுவதை அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி கண்டுபிடித்தார். இன்டெல் முதலில் மழுப்பிப் பார்த்து, கடைசியில் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாக மாற்றித்தர ஒப்புக்கொண்டது. செலவுக் கணக்கில் எழுதிய தொகை 47.5 கோடி டாலர்.

நான் கடை போட்ட காலத்தில் பீங்கான் விடைபெற்றுக்கொண்டிருந்தது. அது கனம், விலையும் அதிகம். போதாததற்கு, உள்ளே ஓடும் டங்ஸ்டன், செம்பு அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தாது. செம்புக் கோடு போட்ட பிசின் அட்டை அந்த இடத்தைப் பிடித்தது. பழைய இரும்புக்காரர்கள் இன்றைக்கும் கடைக்கு வந்து பீங்கான் பிராசசர் கிடக்கிறதா என்று விசாரிப்பார்கள். கால்களில் இருக்கும் தங்க முலாமுக்குத்தான் அந்த மவுசு.

2004இல் இன்டெல் எல்ஜிஏ 775 சாக்கெட்டைக் கொண்டுவந்தபோது கால்கள் பிராசசரை விட்டு மதர்போர்டுக்குக் குடிபெயர்ந்தன. அதுவரை வளைந்த காலை மெக்கானிக்கல் பென்சிலின் முனையில் நுழைத்து நிமிர்த்திவிடுவோம். இப்போது கால் வளைந்தால் போர்டுக்கே ஆபத்து. போட்டிக் கம்பெனியான ஏஎம்டி சாதாரண டெஸ்க்டாப்பில் இந்த வழிக்கு வந்தது 2022இல், ஏஎம் 5 சாக்கெட்டோடு.

எங்களுக்கு உண்மையான தலைவலி சாக்கெட்டை மாற்றிக்கொண்டே இருந்ததுதான். 2009இல் 1156, 2011இல் 1155, 2013இல் 1150, 2015இல் 1151. ஒரே ஒரு கால் குறைந்தாலும் பழைய போர்டு செல்லாது. 2017இல் 1151 என்ற எண்ணை அப்படியே வைத்துக்கொண்டும் பழைய போர்டில் புதியது ஓடாதபடி செய்தார்கள். பிராசசர் மாற்ற வருகிறவர் போர்டும் வாங்க வேண்டும், சில சமயம் ராமும் வாங்க வேண்டும். ஏஎம்டியின் ஏஎம் 4 இதற்கு விலக்கு. 2017இன் முதல் ரைசன் பிராசசர் போட்ட பல போர்டுகளில், பயாஸை அப்டேட் செய்துவிட்டு, 2020இல் வந்த 5000 வரிசையையும் உட்கார வைக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. சூளைக் கம்பெனி ஆபீஸ்களிலிருந்து "ரொம்ப ஸ்லோ, பிராசசரை மாத்துங்க" என்று வரும் கம்ப்யூட்டர்களைத் திறந்தால் ஹீட்சிங்க் முழுக்க வெள்ளை மண்தூசி அப்பியிருக்கும். சூடு தாங்காத பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஊதித் துடைத்து, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாக வைத்தால் பழைய வேகம் திரும்பிவிடும்.

பிராசசர் கெட்டு என் கடைக்கு வந்த கம்ப்யூட்டர்கள் சொற்பம். அடுத்தது உட்கார சாக்கெட் இல்லாமல் ஓரங்கட்டப்பட்டவைதான் ஏராளம். அதனால் புதிது வாங்கப் போகிறவர்கள் எத்தனை ஜிகாஹெர்ட்ஸ் என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். இந்த போர்டில் இன்னும் எத்தனை தலைமுறை பிராசசர் உட்காரும் என்றும் கேளுங்கள். பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.