சத்தமும் சூடும் குறைந்த கணினி: சிரம்பான் வெயிலுக்கு ஏற்ப அமைப்பது எப்படி?

சிரம்பானில் பிற்பகல் வெப்பம் 32, 33 டிகிரி செல்சியஸைத் தொடுவது அன்றாட நிகழ்வு. லாபு, ரந்தாவ் பக்கத்துத் தோட்ட வீடுகளில் தகரக் கூரையின் கீழ் அது இன்னும் கூடும். அத்தகைய வீட்டில் மேசைக் கணினியைத் திறந்தால், அதன் காற்றாடி இரைச்சல் அடுத்த அறைவரை கேட்கும். செனவாங் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பா பகலில் தூங்க வேண்டும். அதே கூடத்தில் பிள்ளை எஸ்பிஎம் தேர்வுக்குப் படிக்க வேண்டும். சத்தம் தாங்காமல் காற்றாடியின் வேகத்தை மட்டும் குறைத்தால் சூடு ஏறும். சூடு எல்லை மீறும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். கொடுத்த காசுக்குப் பாதி வேலைதான் நடக்கும்.

வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் வெப்ப அளவுகளை அப்படியே நம்ப வேண்டாம். அவை பெரும்பாலும் 21, 22 டிகிரி அறையில் எடுக்கப்பட்டவை. அங்கே 70 டிகிரி காட்டிய செயலி, 33 டிகிரி அறையில் ஏறக்குறைய 81 காட்டும். அறை வெப்பம் எவ்வளவு கூடுகிறதோ, உள்ளேயும் ஏறத்தாழ அவ்வளவு கூடும். கோலாலம்பூர் லோவ் யாட் பிளாசாவில் ஏர்கோன் காற்றில் அமைதியாக ஓடிய கணினி வீட்டுக்கு வந்ததும் இரைவதற்கு இதுவே காரணம். கடைக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை.

எனவே முதல் வேலை, குறைந்த சூடு தரும் பாகங்களைத் தேர்ந்தெடுப்பது. எவ்வளவு விலையுயர்ந்த குளிர்விப்பானும் வெப்பத்தை அழிப்பதில்லை. பெட்டிக்குள்ளிருந்து அறைக்குத் தள்ளுகிறது, அவ்வளவுதான். 300 வாட் இழுக்கும் கணினி, சிறிய அறையில் 300 வாட் அடுப்புக்குச் சமம். பள்ளிப் பாடத்துக்கும் அலுவலக வேலைக்கும் 65 வாட் வகைச் செயலி தாராளம். ஆனால் பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது. இன்டெல் கோர் ஐ5-12400 செயலியின் அடிப்படை அளவு 65 வாட்; முழுவேகத்தில் அது 117 வாட்வரை போகலாம். பயாஸ் அமைப்பில் இதற்கு வரம்பு வைக்கலாம். ஏஎம்டி ரைசன் செயலிகள் பலவற்றில் 'எக்கோ மோட்' என்ற வசதி உண்டு. வேகத்தில் சிறிதளவே இழப்பு, சூட்டில் பெரிய குறைவு.

அடுத்தது காற்றாடி. அதன் சுழற்சியைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். சத்தமோ ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானது போலிருக்கும். ஒன்றுக்கு இரண்டாகக் காற்றாடி வைத்தால் கூடுவது 3 டெசிபல்தான். அதனால் ஒரே காற்றாடியை வேகமாக ஓட்டுவதைவிட, 120 அல்லது 140 மில்லிமீட்டர் அளவில் இரண்டு மூன்றை மெதுவாக ஓட்டுவதே சரி. முன்பக்கம் இரண்டு காற்றை உள்ளே இழுக்கட்டும். பின்பக்கம் ஒன்று வெளியேற்றட்டும். செயலியோடு இலவசமாக வரும் சின்னக் காற்றாடியை மாற்றி, செப்புக் குழாய் பதித்த கோபுர வடிவக் குளிர்விப்பான் ஒன்றைப் பொருத்துங்கள். நீர்வழிக் குளிர்விப்பு இங்கே அவசியமில்லை; பம்பின் முனகல் தனித் தொல்லை.

சத்தத்தை அடக்க நாற்புறமும் மூடிய பெட்டி விற்கிறார்கள். குளிர்நாட்டுக்கு அது நல்லது. நம் ஊருக்கு முன்பக்கம் வலை உள்ள பெட்டிதான். உள்ளே காற்று தடையின்றி வந்தால் காற்றாடி ஓட வேண்டிய வேகமே குறையும். திருகாணிக்குப் பதில் ரப்பர் முளை போட்டுக் காற்றாடியை மாட்டினால் அதிர்வு பெட்டிக்கு ஏறாது (பால்மரம் வெட்டிய ஊருக்கு ரப்பரின் குணத்தை விளக்க வேண்டியதில்லை). பழைய சுழல்தட்டு ஹார்ட்டிஸ்க்கை விட்டு எஸ்எஸ்டிக்கு மாறினால் உறுமல் ஒன்று முழுதாக ஒழியும்.

காதை உறுத்துவது சத்தத்தின் அளவு மட்டுமல்ல, அது ஏறி இறங்குவதுந்தான். பயாஸில் 60 டிகிரிவரை காற்றாடி ஒரே மெதுவேகத்தில் இருக்கும்படியும், அதற்குமேல் படிப்படியாக ஏறும்படியும் வையுங்கள். வேகம் மாறச் சில விநாடி தாமதமும் கொடுக்கலாம்.

பெட்டியை மேசையின் மூடிய அறைக்குள் தள்ளாதீர்கள். பின்சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி வேண்டும். தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள், புகைமூட்டக் காலத்தில் இன்னும் அடிக்கடி. பின்பக்கம் திறந்து கிடக்கும் கார்டு துளைகளை மூடினால் பல்லியும் எறும்பும் உள்ளே குடியேறாது.

எல்லாம் பூட்டி முடித்தபின் சோதனையை இரவில் செய்ய வேண்டாம். வெயில் உச்சத்தில் இருக்கும் பிற்பகல் 2 மணிக்கு, ஏர்கோன் இல்லாமல், செயலிக்கு முழு வேலை கொடுத்து அரைமணி நேரம் ஓடவிடுங்கள். இன்டெல் 12ஆம் தலைமுறைக்கு எல்லை 100 டிகிரி, ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95. அளவு 85க்குள் நின்றால் காற்றாடி வேகத்தை இன்னும் சற்றுக் குறைத்துப் பார்க்கலாம். தாண்டினால் முதலில் செயலியின் வாட் வரம்பைக் குறையுங்கள், காற்றாடியைக் கூட்டுவது அதற்குப் பிறகு.