பட்டையில் எவ்வளவு கொயினா?

1860களில் நீலகிரியின் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனா தோட்டங்கள் எழுந்தன. பட்டையின் கொயினா அளவை ஆராய 1866இல் ஜான் பிராட்டன் அரசு வேதியியலாளராக அமர்த்தப்பட்டார். 1884இல் அதே பணிக்கு டேவிட் ஹூப்பர் வந்தார்.

பட்டைத்தூளைச் சுண்ணாம்புடன் கலந்து, கரைப்பானால் கொயினா முதலிய அல்கலாய்டுகளைப் பிரிக்கலாம். பிரித்ததை நேரடியாக எடைபோடலாம், அல்லது செறிவு தெரிந்த அமிலத்தால் தரம்பார்க்கலாம். கொயினாவின் மூலக்கூறு எடை 324.4. ஆகவே 0.1 நார்மல் அமிலம் 1 மி.லி. என்பது 32.44 மி.கி. கொயினாவுக்குச் சமம். 5 கிராம் தூளுக்கு 8 மி.லி. அமிலம் செலவானால் 259.5 மி.கி., அதாவது ஏறத்தாழ 5.2 விழுக்காடு.

பியூரெட்டில் 0.1 மி.லி. தவறாகப் படித்தால் விடை தன் மதிப்பில் 1.25 விழுக்காடு மாறும். அது சில்லறைப் பிழை. பட்டையில் 10 விழுக்காடு ஈரம் இருந்தால், உலர்எடைக் கணக்கில் அந்த 5.2 என்பது 5.8 ஆகிவிடும்; பொருத்தமற்ற நிறங்காட்டி முடிவுப்புள்ளியையே தள்ளிவிடும்.

உண்மையான சிக்கல் வேறு. கொயினா, சிங்கோனின், சிங்கோனிடின் எல்லாமே அமிலத்துக்குக் காரங்கள்தாம். நீலகிரியில் பரவலாக நட்ட செம்பட்டைச் சிங்கோனா மரத்தில் பின்னவை இரண்டும் மிகுதி. மொத்த அல்கலாய்டையும் கொயினா என்று எழுதினால் மட்டமான பட்டையும் உயர்ந்ததாகத் தெரியும். ஆகவே கொயினாவைச் சல்பேட் படிகமாகத் தனியே பிரித்து எடைபோடுவதே நம்பத்தக்க வழி.