தாது வருஷத்துப் பிள்ளை

ஜூபிலி மலர் என்றால் மேற்றிராணியார்கள், கட்டடங்கள், நன்கொடையாளர்கள் என்று எழுதுவது வழக்கம். நாம் இங்கே ஒரு சாதாரண ஆயுளை அளவுகோலாக எடுத்துக்கொள்வோம். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே ஒரு சிற்றூரில் 1877 தை மாதம் பிறந்து, 1954 இறுதியில் கண்மூடிய ஒரு பாட்டியாரை எண்ணிக்கொள்ளுங்கள். அவர் நம் கற்பனையே. ஆனால் அவரையொத்தவர்களுக்குச் சரித்திரத்தில் கிடைத்த இடமெல்லாம் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு வரி, மரணப் பதிவேட்டில் ஒரு வரி.

அவர் பிறந்தது தாது வருஷப் பஞ்சத்தில். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டனர். புதுவை மிஷனில் ஆயிரக்கணக்கானோர் அப்போது ஞானஸ்நானம் பெற்றார்கள். கஞ்சிக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்று ஏளனம் பேசியவர்கள் உண்டு. பின்வாங்கிப் போனவர்களும் உண்டுதான். ஆனால் பஞ்சம் தீர்ந்து, கஞ்சித் தொட்டி மூடிய பிறகும் நிலைத்து நின்றவர்களை என்னவென்று சொல்வது?

1879-இல் விழுப்புரம்–புதுச்சேரி ரயில் ஓடத் தொடங்கியது. நம் மல்லாட்டை புதுவைத் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குப் போயிற்று. ஆகவே 1914-இல் ஐரோப்பாவில் மூண்ட யுத்தம் பாட்டியாருக்குப் பீரங்கிச் சத்தமாக வரவில்லை. மல்லாட்டைக்கு விலை கேட்க ஆளில்லாமற்போனதாகவே வந்தது. 1918-இல் விஷக்காய்ச்சல். 1930-ஐ ஒட்டி மீண்டும் விலை வீழ்ச்சி.

1947 ஆகஸ்டு 15 அன்று அவருக்கு வயது 70. அன்று மாகாணப் பிரதமராயிருந்தவர் திண்டிவனத்தையடுத்த ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். அவர் ஆட்சியில்தான் மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அது இந்து ஆலயங்களுக்கான சட்டம். நம் கோவில்கள் பலவற்றில் அப்போதும் சாதிக்கொரு பக்கமாகவே பூசை கண்டார்கள். கல்லறையிலும் அதே கதை. ஜூபிலி மலர் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை.

சொத்தோ படிப்போ இல்லாத பாட்டியாருக்கு ஓட்டுரிமை கிடைத்தது முதல் பொதுத் தேர்தலில்தான். 1952 தொடக்கத்தில், 75-ஆம் வயதில்!

1954 மரியன்னை ஆண்டு. அவ்வாண்டு நவம்பர் 1-இல் புதுவை இந்தியாவோடு இணைந்தது. ரயிலேறி வில்லியனூர் மாதாவைத் தரிசிக்கச் செல்பவர்கள் அதன் பிறகு சுங்கக்காரர் முன் மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.