பரிந்து பேசுகிறவரும் ஐந்து வேளைகளும்: கால்வினின் ஜெனீவாவில் அன்றாட ஜெபம்

புராட்டஸ்டண்ட் சீர்திருத்தம் கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவில் இருந்தவர்களை அகற்றிவிட்டது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஜெனீவாவைப் பொறுத்தவரை இதில் பாதிதான் உண்மை. 1536 மே மாதம் சீர்திருத்தத்தை ஏற்ற அந்நகரில் புனிதர்களிடம் மன்றாடுவது விலக்கப்பட்டது. ஆனால் இடையில் யாருமின்றி ஜெபிக்கலாம் என்று அங்கே போதித்த சீர்திருத்தவாதி ஜான் கால்வின் ஒருபோதும் கற்பிக்கவில்லை. தன்னந்தனியே கடவுள்முன் நிற்கும் மனிதனால் வாய் திறக்கவே இயலாது. கிறிஸ்து பரிந்து பேசுவதால்தான் அச்சமூட்டும் சிம்மாசனம் கிருபையின் சிம்மாசனமாகிறது என்பது தம் இறையியல் படைப்பான 'இன்ஸ்டிடியூட்ஸ்' மூன்றாம் நூலின் 20ஆம் இயலில் அவர் வாதம். பன்னிரு கோத்திரங்களின் பெயர்களைத் தோளிலும் மார்பிலும் சுமந்து திருத்தலத்துக்குள் நுழைந்த பழைய ஏற்பாட்டுப் பிரதான ஆசாரியனை அதற்கு முன்னடையாளமாகக் காட்டுகிறார். பரிந்துரை இல்லாத ஜெபமே கிடையாது என்ற அளவில் ஜெனீவாவின் பக்தி, பழைய பக்தியைவிட இடைநிற்பவரை அதிகம் சார்ந்திருந்தது எனலாம். அந்தச் சார்பு எந்த இடத்தில், எந்த வேளையில் வெளிப்பட வேண்டும் என்பதுதான் மாறியது.

புனிதரின் பரிந்துரைக்கு ஓர் ஊர் உண்டு, ஒரு திருநாள் உண்டு, கும்பிட ஒரு திருப்பண்டம் உண்டு. ஜெனீவாவுக்கு அருகே ஜூரா மலையில் இருந்த புனித குளோத் திருத்தலம் அப்படிப்பட்டது. அவர் பெயர் தாங்கிய ஆண்கள் நகரில் ஏராளம். 1546இல் ஒரு முடிதிருத்துநரின் குழந்தைக்குக் குளோத் என்று பெயர் கேட்டபோது, போதகர் ஆபிரகாம் என்று ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். ஆலயத்துக்குள்ளேயே சச்சரவு மூண்டது. அதே ஆண்டில் அப்பெயரைத் தடைசெய்யும் விதியும் வந்தது. பெயர் சூட்டுவதே பிள்ளையை ஒரு பரிந்துரையாளரிடம் ஒப்படைப்பதாக இருந்த ஊரில், தகப்பனின் கோபத்தை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது.

மறு ஆண்டு, நாட்டுப்புற ஆலயங்களுக்கான விதிகள் வந்தன. அவற்றின்படி ஆராதனை நேரம் தவிர மற்ற வேளைகளில் ஆலயக் கதவுகள் பூட்டியிருக்க வேண்டும். மூடபக்தியோடு எவரும் உள்ளே நுழையக்கூடாது. கோயிலைப் பூட்டிப் பக்தியை வளர்ப்பதா என்று நமக்குத் தோன்றலாம். எபிரெயர் 7:25ஐ மனத்தில் வைத்துப் படித்தால் அதன் தர்க்கம் புலப்படும். பரிந்து பேசுகிறவர் இடைவிடாது உயிரோடிருந்து அதைச் செய்கிறார் என்றால், ஒரு தலம் இன்னொன்றைவிட அவருக்கு நெருக்கமாக இருக்க முடியாது. எந்த நாளுக்கும் தனிப் புனிதமும் இல்லை.

இங்கேதான் ஒரு சிக்கல். எந்த வேளையும் ஏற்றது என்றால், எந்த வேளையிலும் ஜெபிக்காமல் இருந்துவிடுவது மனித இயல்பு. கால்வின் இதை நன்கு அறிந்திருந்தார். எழும்போது, வேலை தொடங்குமுன், உண்ண அமரும்போது, உண்டபின், படுக்கப்போகும்போது என ஐந்து வேளைகளைக் குறித்தார். கடவுளுக்குக் கடன் அடைப்பதுபோல் அவற்றைக் கழித்துவிட்டு மீதி நேரத்துக்குக் கணக்குத் தீர்ந்தது என எண்ணவேண்டாம் என்றும் எச்சரித்தார். மறைக்கல்வி நூலான ஜெனீவா வினாவிடையோடு இத்தகைய ஜெபங்களும் சேர்த்து அச்சிடப்பட்டன. திருநாட்களையும் திருத்தலங்களையும் சுற்றி இருந்த பரிந்துரை, உணவு மேசைக்கும் படுக்கையறைக்கும் வந்துசேர்ந்தது.

இது நம்பிக்கையின் விளைவா, நகரமன்றத்தின் கட்டாயமா? மக்களின் பக்தியையும் நடத்தையையும் விசாரித்த ஒழுங்கு மன்றத்தின், 1542 முதல் எழுதப்பட்ட பதிவேடுகள் கட்டாயத்தின் பக்கமே சாய்கின்றன. முதிய பெண்களை அழைத்து, தாய்மொழியில் ஜெபம் சொல்லச் சொல்கிறார்கள். கன்னி மரியாளே தன் பரிந்துரையாளர் என்று சொன்னவர்களும் அங்கே உண்டு. அவர்கள் மனம் மாறினார்களா, வாயை மட்டும் மூடிக்கொண்டார்களா என்று பதிவேட்டைக் கொண்டு முடிவுசெய்ய இயலாது. ஆனால் கட்டாயம் எதை நிறுத்தியது என்பதைத்தான் விளக்கும். எது வேரூன்றியது என்பதற்கு அரசு எதிர்த்து நின்ற இடத்தைப் பார்க்கவேண்டும். 1685இல், புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நான்ட் சாசனம் நீக்கப்பட்டபின், கால்வினின் வழிவந்த பிரான்சின் புராட்டஸ்டண்டுகளான ஹியூகனோக்கள் ஆலயங்களையும் போதகர்களையும் இழந்தார்கள். அவர்களுள் பலர் கட்டாயத்தால் கத்தோலிக்கராகப் பதிவானார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. எனினும் செவென் மலைப்பகுதி வீடுகளில் காலை மாலை ஜெபம் தொடர்ந்தது. அதை நடத்தக் குருவோ பீடமோ தேவைப்படவில்லை. இடித்துத் தள்ளக்கூடிய எதையும் அது சார்ந்திருக்கவில்லை.