எல்ஃப் மொழியும் ஏலாக்குறிச்சியும்

"லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்" படித்தவர்களுக்கும் படமாகப் பார்த்தவர்களுக்கும் காண்டால்ஃப் என்ற தாடிக்கார மந்திரவாதியைத் தெரிந்திருக்கும். அதே ஆளை எல்ஃப்கள் "மித்ராந்திர்" என்று கூப்பிடுவார்கள். சிண்டாரின் என்ற எல்ஃப் மொழியில் "மித்" என்றால் சாம்பல் நிறம், "ராந்திர்" என்றால் அலைந்து திரிபவர். அதே "மித்" தான் மித்ரில் என்ற வெள்ளி போன்ற உலோகத்திலும் இருக்கிறது, மித்லோந்த் என்ற துறைமுகத்திலும் இருக்கிறது. ஒரு வேர் கிடைத்துவிட்டால் பத்துச் சொல் தானாகப் புரியும். டோல்கீன் அப்படித்தான் கட்டினார்.

இன்னொன்று பாருங்கள். விண்மீன்களின் அரசிக்குக் குவென்யா மொழியில் எலென்டாரி என்று பெயர், சிண்டாரினில் எல்பெரெத். இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான், "விண்மீன் அரசி". ஒலியைக் கடன் வாங்காமல் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தந்த மொழியின் சொற்களால் புதுப்பெயர் செய்கிற வேலை இது.

இதே வேலையை டோல்கீனுக்கு இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவர் அரியலூர்ப் பக்கம் செய்துகொண்டிருந்தார். ஆனால் அவர் மொழியைப் புதிதாக உண்டாக்கவில்லை. இருக்கிற தமிழுக்குள்ளேயே ஒரு வெளிநாட்டுக் கதையின் ஆட்களுக்கெல்லாம் பெயர் தேடிக்கொண்டிருந்தார்.

அவர்தான் வீரமாமுனிவர். இத்தாலியில் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680இல் பிறந்தவர். இயற்பெயர் கான்ஸ்டன்ஸோ ஜியுசெப்பே பெஸ்கி. 1698இல் இயேசு சபையில் சேர்ந்து, 1710இல் கோவா வந்து, அங்கிருந்து மதுரை மிஷனுக்கு வந்தார். கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கும் ஏலாக்குறிச்சி (இன்றைய அரியலூர் மாவட்டம்) அவருடைய முக்கியமான இருப்பிடங்களில் ஒன்று. அன்றைக்கு அது அரியலூர் மழவராயர்களின் பாளையப் பகுதி. ஊருக்கே அவர் "திருக்காவலூர்" என்று பெயர் வைத்தார். அங்கே இருப்பது அடைக்கல மாதா கோயில். அடைக்கலம் தருகிற தாய் இருக்கிற ஊர், ஆகவே காவல் ஊர். திருவாரூர், திருவையாறு வரிசையில் அந்தப் பெயர் எவ்வளவு இயல்பாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது!

அவருடைய பெயரே முதலில் இப்படித்தான் மாறியது. கான்ஸ்டன்ஸோ என்பதற்கு லத்தீன் வேரில் உறுதியாக நிற்பவன் என்று பொருள். அதைத் "தைரியநாதர்" என்று ஆக்கிக்கொண்டார். அது வடசொல். பிறகு அதே கருத்தில் வீரமாமுனிவர் என்ற பெயர் நிலைத்தது. பெயரின் அடுத்த பாதியான ஜியுசெப்பே என்பது ஜோசப்பின் இத்தாலிய வடிவம். 1726இல் அவர் எழுதிய தேம்பாவணியின் தலைவனும் ஜோசப்தான், அதாவது இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர். தன் பெயர்காரனுக்கே ஒரு காப்பியம் பாடியிருக்கிறார் என்று சொல்லலாம். மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல்கள். பெயரையே தேம்பா + அணி (வாடாத மாலை) என்றும் பிரிக்கலாம், தேன் + பா + அணி என்றும் பிரிக்கலாம்.

அந்த ஜோசப்புக்கு அவர் வைத்த பெயர் வளன். இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது.

யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்கு "அவர் மேலும் கூட்டித் தருவார்" என்று பொருள். பழைய ஏற்பாட்டில் ராகேல் தன் முதல் மகனுக்கு இந்தப் பெயரை வைக்கும்போது, கடவுள் இன்னொரு மகனையும் தரட்டும் என்று சொல்லித்தான் வைக்கிறாள். பெருகுவது, கூடுவது என்பதுதான் கருத்து. தமிழில் அதற்கு வளம், வளமை, வளப்பம், வளர்தல் என்று ஒரு குடும்பமே இருக்கிறது. ஆனால் "வளம்" என்று ஒரு ஆளைக் கூப்பிட முடியாது. பள்ளிக்கூட இலக்கணத்தில் கடைப்போலி என்று ஒன்று வருமே, அறம் - அறன், நலம் - நலன் என்று? அந்தக் கணக்கில் வளம் என்பது வளன் ஆகும். அகராதிப்படி அது "வளம்" தான். காதுக்கோ முருகன், கண்ணன் போல ஆண்பால் பெயராகக் கேட்கிறது. ஒரு எழுத்தும் புதிதாகச் செய்யாமல், மொழியில் ஏற்கெனவே கிடந்த ஒரு வடிவத்தை எடுத்து ஆளுக்குச் சூட்டிவிட்டார். புதுச்சொல் உண்டாக்குகிறவர்கள் பலருக்கும் வாய்க்காத சாமர்த்தியம் இது.

திருமுழுக்கு யோவானுக்குத் தேம்பாவணியில் பெயர் கருணையன். (பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் தாயை இழந்து புலம்புகிறவன் இவன்தான்.) யோவான் என்றால் எபிரேயத்தில் "கடவுள் அருளுடையவர்". ஐரோப்பாவில் அதே பெயர் ஜான், ஹூவான், இவான், ஜியோவன்னி என்று ஒலி மாறி மாறி எங்கெங்கோ போயிற்று. எந்த ஆங்கிலேயரைக் கேட்டாலும் ஜான் என்பதற்குச் சட்டென்று அர்த்தம் சொல்ல மாட்டார். கருணையனைத் தமிழ் தெரிந்த குழந்தைக்குக்கூட விளக்க வேண்டியதில்லை.

இதை வீரமாமுனிவர் ஒருவரே தொடங்கியதாக நினைக்க வேண்டாம். தமிழ்க் கத்தோலிக்கரிடம் இப்படிப் பெயர்கள் நிறைய. யோவானுக்கு இன்னொரு பெயர் அருளப்பர். 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் டி பிரிட்டோ அருளானந்தர். லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவன், ஆகவே பவுல் சின்னப்பர். ஸ்டெபனோஸ் என்றால் கிரேக்கத்தில் கிரீடம், ஆகவே ஸ்டீபன் முடியப்பர். டொமினிக் என்றால் ஆண்டவருக்கு உரியவன், ஆகவே சாமிநாதர். பீட்டர் என்றால் பாறை. இராயப்பரில் உள்ள "இராய்" கல்லைக் குறிக்கும் தெலுங்குச் சொல் என்று விளக்கம் சொல்வதுண்டு. லாசரஸ் என்பதன் எபிரேய மூலத்துக்குக் கடவுள் உதவினார் என்று பொருள். 1745இல் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு அந்தப் பெயர்தான் தேவசகாயம் என்று ஆனது. 2022இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். சவேரியார், அந்தோணியார், செபஸ்தியார் மட்டும் எப்படியோ ஒலியோடு நின்றுவிட்டார்கள்.

இதன் விளைவு ஒன்று யாரும் கவனிக்காமலே நடந்தது. சின்னப்பன், சாமிநாதன் என்ற பெயர்களை வைத்து ஆள் எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று சொல்ல முடியாது. சாமிநாதன் சுவாமிமலை முருகனாகவும் இருக்கலாம், ஸ்பெயின் நாட்டு டொமினிக்காகவும் இருக்கலாம். பெயர் ஊரோடு கலந்துவிட்டது.

டோல்கீன் பக்கம் ஒரு வேடிக்கை உண்டு. அவர் கதைப்படி சாம்வைஸ் என்பது அந்த ஆளின் உண்மைப் பெயர் அல்ல. ஹாபிட் பேச்சில் அவன் பெயர் பனசீர், அரைப்புத்திக்காரன் என்று பொருள். அதைத்தான் பழைய ஆங்கிலத்தில் சாம்வைஸ் என்று "மொழிபெயர்த்ததாக" நூலின் பின்னிணைப்பில் சொல்கிறார். ஆனால் டச்சு, சுவீடிஷ் மொழிபெயர்ப்பாளர்கள் அவர் பெயர்களில் கைவைத்தபோது மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. எந்தப் பெயரைப் பொருளால் மாற்றலாம், எதை அப்படியே விட வேண்டும் என்று 1960களில் ஒரு குறிப்பே எழுதிவைத்தார். அது 1975இல் அச்சானது.

எல்ஃப் சொற்களை வேர் வாரியாக அடுக்கி டோல்கீன் ஒரு பெரிய பட்டியலும் வைத்திருந்தார். வீரமாமுனிவரின் பட்டியல் 1732இல் முடிந்த சதுரகராதி. அதுவரை தமிழில் சொற்பொருள் வேண்டுமென்றால் நிகண்டுப் பாட்டை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். இவர் அகர வரிசையில் அடுக்கினார். பெயர் அகராதியில் ஒரு சொல்லுக்குப் பல பொருள், பொருள் அகராதியில் ஒரு பொருளுக்குப் பல சொல், தொகை அகராதியில் முக்கனி போன்ற தொகைகள், தொடை அகராதியில் எதுகைச் சொற்கள். இதில் இரண்டாவதைக் கவனியுங்கள். பொருள் கையில் இருக்கிறது, அதற்குத் தமிழ்ச்சொல் வேண்டும் என்று தேடுகிறவனுக்கு உதவுகிற பகுதி அது. வளனைத் தேடிக் கண்டுபிடித்தவருக்கு அதன் அருமை தெரிந்திருக்கும்.

வித்தியாசமும் பெரியதுதான். டோல்கீன் மொழியை முதலில் செய்துவிட்டு, அதைப் பேச ஒரு உலகம் வேண்டுமே என்று கதை செய்தார். வீரமாமுனிவரிடம் கதை முன்பே இருந்தது, உலகமும் மொழியும் அவர் வந்து சேர்ந்த இடத்தில் இருந்தன. தேம்பாவணி நாட்டுப்படலத்தில் தொடங்கி நகரப்படலத்துக்குப் போகிறது. யூதேயாவைத் தமிழ்க் காப்பிய முறைப்படியே வருணிக்கிறார்.

இந்தப் பெயர்களுக்குப் போட்டியாக இருந்தவை புராட்டஸ்டன்ட் விவிலியத்தின் யோசேப்பு, யோவான், பேதுரு, பவுல். 1995இல் இரு சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு அந்த ஒலிபெயர்ப்புகளையே எடுத்துக்கொண்டது. ஒரே விவிலியம் வேண்டுமென்றால் யாராவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும், நியாயம்தான். ஆனாலும் முடியப்பர் ஸ்தேவானாகும்போது முடி போய்விடுகிறது. சின்னப்பர் பவுலாகும்போது சின்னவர் போய்விடுகிறார். தாத்தா பெயர் அருளப்பன், பேரன் பெயர் ஜான். இரண்டும் ஒரே பெயர்தான் என்பது இருவருக்குமே தெரியாமல் இருக்கலாம்.

கருணையன் பாடப்புத்தகத்தோடு சரி. வளன் மட்டும் தப்பித்துக்கொண்டான். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு வந்த செயின்ட் ஜோசப் கல்லூரிக்குத் தமிழில் தூய வளனார் கல்லூரி என்றே பெயர். பெரம்பலூர், அரியலூரிலிருந்து திருச்சிக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் பஸ்ஸை விட்டு இறங்கி "ஜோசப் காலேஜ் எந்தப் பக்கம்" என்று கேட்பார்கள். பலகையில் இருப்பது அவர்கள் மாவட்டத்தில் குடியிருந்த ஒருவர் 1726இல் சூட்டிய பெயர்.