மீன் பார்க்கக் கட்டணமா?

விடுமுறைக்கு வடக்கிலிருந்து ஊர் திரும்பும் தமிழ்க் குடும்பங்கள் பாலக்காட்டுப் பக்கம் வந்தால் மலம்புழையைக் காணாமல் செல்வதில்லை. அணையையும் பூங்காவையும் சுற்றி முடித்த பின்னர், மீன் வடிவத்திலேயே கட்டப்பட்டுள்ள அங்குள்ள மீன்காட்சியகத்தின் முன் ஒரு சிறு விவாதம் எழுவதும் வழக்கம். குழந்தைகள் உள்ளே போகவேண்டும் என்பார்கள். பெரியவர்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். நாம் சென்றிருந்த அன்று, பாலக்காட்டை அடுத்த சித்தூரில் பிறந்து வளர்ந்த நம் மாமா வாயிலிலேயே நின்றுவிட்டார். "ஆற்றங்கரையில் பிறந்தவனுக்கு மீன் பார்க்க டிக்கெட்டா? சந்தைக்குப் போனால் இதைவிடப் பெரிய மீனைச் சும்மா பார்க்கலாமே!" என்றார்.

சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று இது. மீன்காட்சியகங்களின் வரலாறு முழுவதுமே ஒரு வகையில் இக்கேள்விக்குப் பதில் தேடிய வரலாறுதான்.

உயிருள்ள மீனைப் பொதுமக்களுக்குக் காட்டும் கூடம் 1853-ஆம் ஆண்டில் லண்டன் ரீஜெண்ட் பூங்கா விலங்குக்காட்சிச் சாலையில் திறக்கப்பட்டது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியல் அறிஞர், ஒரு தொட்டியில் மீனையும் நீர்த்தாவரத்தையும் சேர்த்து வைத்தால், ஒன்று வெளிவிடும் வாயு மற்றொன்றுக்கு உதவ, நீர் நெடுநாள் கெடாமலிருக்கும் என்று கண்டு கூறியிருந்தார். அந்த அறிவே கூடத்திற்கு அடிப்படை. 'அக்வேரியம்' என்ற சொல்லை 1854-இல் தம் நூலின் வாயிலாகப் பரப்பியவர் பிலிப் காஸ் என்ற இயற்கை நூலாசிரியர். பழைய லத்தீனில் அச்சொல் கால்நடைகள் நீருண்ணும் துறையைக் குறித்ததாம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது சிறிது ஆறுதல் அளிக்கிறது. கடற்பஞ்சும் ஆமையும் கடற்சாமந்தியும் வாழும் இடத்தை 'மீன்காட்சியகம்' என்று நாம் சுருக்கிவிட்டதற்காக இனி அதிகம் வருந்த வேண்டியதில்லை.

புதுமைக்குக் கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தைக் கண்டதும் வணிகர்களும் வந்து சேர்ந்தனர். 1876-இல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் 'ராயல் அக்வேரியம்' என்ற பெரிய மாளிகை எழுந்தது. தொட்டிகள் சரியாக அமையவில்லை. மீன்கள் பேருக்குத்தான் இருந்தன. ஆகவே நிர்வாகத்தார் பாட்டுக் கச்சேரியும் கழைக்கூத்தும் வைத்தனர். பீரங்கிக் குழாயிலிருந்து ஒரு பெண்ணை வீசி எறியும் வித்தையும் 1877-இல் அங்கு நடந்தது. மீன் பார்க்கக் காசு கொடுத்தவர் பீரங்கி பார்த்துத் திரும்பினார். கட்டிடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இடித்துத் தள்ளப்பட்டது. நம் மாமாவின் ஐயத்திற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஆனால் அதே காலத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் வேறொன்று நடந்தது. அன்டன் டோர்ன் என்ற ஜெர்மானிய அறிஞர் கடல்வாழ் உயிர்களை ஆராய ஒரு நிலையம் அமைக்க விரும்பினார். பணத்திற்கு வழி? கீழ்த்தளத்தில் மீன்காட்சியகம், மேல்தளத்தில் ஆராய்ச்சிக்கூடம் என்று திட்டமிட்டார். காட்சியகம் 1874-இல் திறந்தது. வேடிக்கை பார்க்க வந்த பயணிகளின் நுழைவுக் கட்டணத்தோடு, பல நாட்டுப் பல்கலைக்கழகங்களும் அரசாங்கங்களும் ஆராய்ச்சி மேசைகளுக்குக் கொடுத்த வாடகையும் சேர்ந்து அந்நிலையத்தைத் தாங்கின. கீழே நின்ற சிறுவன் தான் கொடுத்த நாணயம் மாடியில் ஒரு நுண்பெருக்கிக்கு உதவுகிறது என்பதை அறிந்திருக்கமாட்டான்; எனினும் அது அங்கேதான் சென்றது. நியூயார்க் நகரமோ 1896-இல் கட்டணமே இல்லாமல் ஒரு காட்சியகத்தைத் திறந்தது; அது 1941 வரை நடந்தது. அங்கே செலவை நகரத்தார் வரியாகக் கொடுத்தனர். எப்படியோ, யாரோ ஒருவர் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

ஏனெனில் தொட்டி என்பது உறங்காத பொருள். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா பிறக்கிறது. அது சிறிது மிகுந்தாலும் மீன் மடியும். நுண்ணுயிர்கள் அதனைப் படிப்படியாகக் கேடு குறைந்த நைட்ரேட்டாக மாற்றவேண்டும். அந்நுண்ணுயிர்கள் வாழ வடிகட்டிகளின் வழியே நீர் ஓயாது ஓடவேண்டும். நள்ளிரவில் மின்சாரம் நின்றால் கடையைப் பூட்டிவிட்டுப் போகலாம். மீன்காட்சியகத்தைப் பூட்டிவிட்டுப் போக முடியாது.

இனி நம் சென்னைக்கு வருவோம். இந்தியாவின் முதல் கடல்மீன் காட்சியகம் 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் மெரீனாக் கடற்கரையில் திறக்கப்பட்டது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் காலத்தில் உருவான திட்டம் அது. தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய ஏழு தொகுதி நூலால் நாம் அறிந்த அதே தர்ஸ்டன்தான். முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் பற்றி ஆராய்ந்தவரும் அவரே. அக்காலத்துச் சென்னைவாசிகள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், விலங்குக்காட்சிச் சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தனர். முதற் பத்தாண்டு மீன்காட்சியகத்தை நடத்தியது அருங்காட்சியகமே. ஆகச் செத்த காலேஜின் பொறுப்பில் உயிருள்ள மீன்கள் நீந்தின என்று சொல்வதில் பிழையில்லை!

இந்தக் காட்சியகத்தின் சிறப்பு அதன் அளவிலன்று. பிற்காலத்தாருக்கு அது மிகச் சிறியதாகவே தோன்றியிருக்கும். ஆனால் அதன் தொட்டிகளில் சென்னைக் கரையோரக் கடலின் உயிர்களுக்கே முதலிடம் தரப்பட்டது. அன்றாடம் கூடையில் கண்ட மீனை, அது உயிரோடிருக்கையில் என்ன நிறம், எப்படி இரை பிடிக்கிறது, எதற்கு அஞ்சுகிறது என்று நகரத்து மக்கள் முதன்முறையாகக் கண்டனர். சந்தையில் மீனைச் 'சும்மா' பார்க்கலாம் என்று மாமா சொன்னாரல்லவா? சந்தை மீனுக்கு நிறம் போய்விட்டது, நடத்தை போய்விட்டது. எடை மட்டுமே எஞ்சியிருக்கிறது. 1919-இல் காட்சியகம் மீன்வளத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்தத் துறையோ சர் பிரடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் தோன்றியது. இரண்டாம் உலகப் போரில் சென்னைக்குக் குண்டு அபாயம் வந்த 1942-இல் காட்சியகம் மூடப்பட்டது. முப்பத்து மூன்று ஆண்டு வாழ்வு.

விடுதலைக்குப் பின்னர் பம்பாய் முந்திக்கொண்டது. 1951-இல் இராஜேந்திர பிரசாத் திறந்துவைத்த தாராபூர்வாலா மீன்காட்சியகத்தை மாதுங்காவிலும் தாராவியிலும் வளர்ந்த நம் தமிழ்ப் பிள்ளைகள் பல தலைமுறையாகக் கண்டு வந்தனர். 2020-இல் அது மூடப்பட்டது. தலைக்கு மேல் சுறா நீந்தும் சுரங்கப் பாதை, 1985-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் கெல்லி டார்ல்டன் அமைத்த காட்சியகத்தால் புகழ்பெற்று உலகெங்கும் பரவியது. கனத்த அக்ரிலிக் பலகைகளை வளைக்கக் கற்றதன் விளைவு இது. சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் 2019-இல் அத்தகைய தனியார் காட்சியகம் வந்துவிட்டது. அங்கே கட்டணம் பல நூறு ரூபாய். நால்வர் அடங்கிய குடும்பம் இருமுறை யோசிக்க வேண்டிய தொகைதான். யோசிப்பதில் குற்றமில்லை.

நம் கருத்தில் யோசிக்க வேண்டியது தொகையைப் பற்றி மட்டுமன்று. நம் நாட்டின் பல ஊர்களிலுள்ள சிறு காட்சியகங்களை எண்ணிப் பாருங்கள். சீனத்துப் பொன்மீன், அமேசான் ஆற்று ஏஞ்சல் மீன், ஆஸ்கர் மீன் – எங்கும் இவையே. அழகானவைதாம், மறுக்கவில்லை. ஆனால் பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரை நீளும் இம்மலைத்தொடரின் ஓடைகளில் உள்ள மீன்கள் எவை என்று கேட்டால் உள்ளூரில் விடை சொல்வார் சிலரே.

பீர்மேட்டு மலையடிவாரத்து முண்டக்கயத்தில் கிடைத்த ஒரு கெண்டையினத்தை 1865-இல் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் உலகுக்கு அறிவித்து, அப்போது சென்னை ஆளுநராயிருந்த டெனிசன் பெயரை அதற்குச் சூட்டினார். உடல் நெடுகக் கறுப்புப் பட்டை. அதன்மேல் முன்பாதியில் குருதிச் சிவப்புக் கோடு. நூறாண்டுக்கு மேல் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 1990-களில் வெளிநாட்டு அலங்கார மீன் சந்தையில் அது நுழைந்ததும் நிலைமை மாறியது. 'மிஸ் கேரளா' என்ற பட்டப்பெயரோடு விமானமேறியது. ஓடைகளில் பிடித்துப் பிடித்து அதன் தொகை குறைந்தது. 2008-இல் கேரள அரசு பிடிப்புக்குக் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அதனை உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் பட்டியலிட்டுள்ளது. வெளியூரில் புகழும் சொந்த ஊரில் அறிமுகமின்மையும் மனிதருக்கு மட்டுமே வாய்ப்பவையல்ல என்பதைப் பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் நன்கு உணர்வார்கள்.

இன்னொன்று, பெரியாற்று ஏரியில் உள்ளது. 1895-இல் அணை முடிந்து தேக்கடியைச் சூழ நீர் பரவிற்று. அந்த ஏரியிலிருந்து இரு புதிய பேரினங்களைச் சேர்ந்த மீன்களை 1941-இல் விவரித்தவர், சென்னை மீன்வளத் துறையின் இயக்குநராயிருந்த சுந்தர ராஜ். அவற்றுள் ஒன்றான 'பிராமணகெண்டை', இமயமலையின் குளிர்நீர் மீன்களை ஒத்த செதிலமைப்பால் அறிஞரை வியக்கவைத்தது. பெரியாற்று நீர்ப்பரப்பையும் அதில் வந்து விழும் ஓடைகளையும் தவிர வேறெங்கும் அது இல்லை. அங்கும் வெளியிலிருந்து வந்த திலேப்பியா முதலிய மீன்கள் அதனை நெருக்குகின்றன. அணை நீரைப் பற்றி இரு மாநிலங்களும் எவ்வளவோ பேசியிருக்கின்றன. அந்நீருக்குள் வாழ்வதைப் பற்றிப் பேசியது குறைவு.

ஒரு காட்சியகம் இத்தகைய மீனை, அது எந்த ஆற்றது, ஏன் அருகுகிறது என்ற விவரத்தோடு வைத்திருக்குமானால் அங்கே கொடுக்கும் காசு வீணாகாது. குஞ்சு பொரிக்க வைத்து ஓடையில் மீண்டும் விடும் முயற்சியும் உடன் நடக்குமானால், இரட்டிப்புக் கட்டணமும் கொடுக்கலாம். பொன்மீனை மட்டும் காட்டுவதாயின், அண்டை வீட்டுத் தொட்டியைப் பார்த்தாலே போதும் என்று சொல்பவரோடு நாம் வாதாடமாட்டோம்.

மலம்புழைக்குத் திரும்புவோம். 1949-இல் வேலை தொடங்கி, 1955-இல் காமராஜர் திறந்துவைத்த அணை அது. மலபார் அப்போது சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. மாமா அந்த வரலாற்றைச் சொல்லிக்கொண்டே, குழந்தைகளின் வற்புறுத்தலுக்காக டிக்கெட் வாங்கினார். உள்ளே வேகமாக நடந்தவர் ஒரு தொட்டியின் முன் நின்றுவிட்டார். அதில் ஒரு விரால் அசையாமல் கிடந்தது. மழைக்காலத்தில் வயல் வாய்க்காலில் விரால் குஞ்சுகள் செம்மையான கூட்டமாக நீரின் மேல் வருமென்றும், தாயும் தந்தையும் அடியில் நின்று காவல் காக்குமென்றும், அந்தக் காவலை நம்பியே பிள்ளைகள் தூண்டில் போடுவார்களென்றும் அவர் சொல்லத் தொடங்கினார். நம் குழந்தைகளோடு பிறர் வீட்டுக் குழந்தைகளும் சேர்ந்து நின்று கேட்டனர். காவற்காரர் இருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

வெளியே வந்ததும், தேக்கடிப் படகிலிருந்து பிராமணகெண்டை தெரியுமா என்று இளையவன் கேட்டான். தெரியாது என்றோம். படகுக்குத் தலைக்கு எவ்வளவு என்று மாமா விசாரிக்கலானார்.